பெரிய கோயிலுக்குப் பிறகு எங்கே? கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், புள்ளமங்கை: ஓர் ஒப்பீடு

தஞ்சைக்கு முதல்முறை வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்து வெளியே வந்ததும், பார்க்க வேண்டியது முடிந்துவிட்டது என்ற எண்ணத்துக்கு வந்துவிடுகிறார்கள். மீதியிருக்கும் அரை நாளை என்ன செய்வது என்பதற்குப் பெரும்பாலும் வாடகைக் கார் ஓட்டுநர்தான் பதில் சொல்கிறார்: "கும்பகோணம் போற வழியில தாராசுரம் இருக்கு சார். பத்து நிமிஷம் எறங்கிப் பாத்துட்டுப் போயிடலாம்." கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சொல்வார்கள். கூடவே, "அதுவும் இதே மாதிரிதான், கொஞ்சம் சின்னது" என்று ஒரு வரியையும் சேர்த்துவிடுவார்கள். புள்ளமங்கையை யாரும் சொல்வதில்லை.

நினைத்துப் போனதைவிடக் கூடுதலாகத் தருகிற இடங்கள்தான் இந்த மூன்றும். தருகிற விதம்தான் வேறு. கங்கைகொண்ட சோழபுரம் வாசலைத் தாண்டிய ஐந்தாவது நிமிடமே வேலையைக் காட்டிவிடும். தாராசுரத்துக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். பத்து நிமிடத்தில் கிளம்புகிறவருக்கு அது சாதாரணமான ஒரு சின்னக் கோயில்தான். புள்ளமங்கை, கதவு திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதைப் பொறுத்த கேள்வி என்றே நினைக்கிறேன்.

முதலில், பெரிய கோயில் நம் கண்ணுக்கு என்ன செய்துவிடுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1010இல் முதலாம் இராசராசன் முடித்த அந்த விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். ஊர் வழக்கில் இன்னும் கூட்டி 216 அடி (66 மீட்டர்) என்பார்கள். பதின்மூன்று நிலைகள், நேர்கோட்டில் ஏறும் பட்டைகள், சுற்றிலும் பரந்த முற்றம். அதைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு உயரமே கோயிலின் மதிப்பாகிவிடுகிறது. அடுத்து எங்கே போனாலும் முதல் கேள்வி "இது எவ்வளவு உயரம்?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு போனால் மூன்றும் தோற்றுவிடும். தாராசுரத்து விமானம் 24 மீட்டர்தான். புள்ளமங்கையில் அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

யுனெஸ்கோ தஞ்சைக் கோயிலை 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல்தான் அந்தப் பட்டியலோடு சேர்ந்தன. இரண்டும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை என்ற எண்ணம் பலருக்கு இருப்பதற்கு இந்த வரிசையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கங்கைகொண்ட சோழபுரம்: "இதே மாதிரிதான்" என்ற பேச்சு எவ்வளவு சரி?

புகைப்படத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதே கல், அதே கூம்பு, அதே முற்றம். நிலைகள் பதின்மூன்றுக்குப் பதில் ஒன்பது. உயரம் 50 மீட்டருக்கு மேல், தஞ்சையைவிடச் சற்றுக் குறைவு. அப்பன் கட்டியதைப் பார்த்துப் பிள்ளை கட்டியது; அப்பனை மிஞ்சக் கூடாதென்று உயரத்தைக் குறைத்துக்கொண்டான் என்றொரு கதையையும் வழிகாட்டிகள் சொல்வார்கள். அதை நம்புவதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

நேரில் போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது வளைவு. தஞ்சை விமானத்தின் விளிம்பு நேராக ஏறுகிறது. இங்கே அது உள்வாங்கி, மெல்ல வளைந்து, மேலே போய்க் குறுகுகிறது. சதுரமாகத் தொடங்கும் உடல் ஏற ஏற மூலைகளை இழந்து உருண்டையாகிறது. படத்தில் இது தெரியாது. படம் ஒரு பக்கத்திலிருந்து எடுக்கப்படுவது. வளைவோ சுற்றி நடக்கும்போது மாறிக்கொண்டே இருப்பது. தென்மேற்கு மூலையில் புல்தரையில் நின்று மேலே பார்த்தபடி பத்தடி நகர்ந்து பாருங்கள். தஞ்சையின் நகல் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, வெறுமை. இது முதலாம் இராசேந்திரன் (1014–1044) கங்கைவரை படை அனுப்பி வென்றபின் எழுப்பிய தலைநகரம். சோழர் ஆட்சி முடிந்த 13ஆம் நூற்றாண்டுவரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், இங்கிருந்துதான் அரசு நடந்தது. இன்றைக்குக் கோயிலைச் சுற்றி ஒரு சிற்றூரும் வயல்களும் இருக்கின்றன. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் தோண்டியெடுத்த செங்கல் அடித்தளங்கள் கிடக்கின்றன. கங்கை நீரைக் கொண்டுவந்து நிறைத்ததாகச் சொல்லப்படும் சோழகங்கம் ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்கிறது. இன்று பொன்னேரி என்று அழைக்கப்படும் அந்த ஏரிக்கரையில் நின்றால் ஒரு தலைநகரத்தின் நீர்நிலை எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்பது புரியும். தஞ்சையில் கோயிலைச் சுற்றி ஊர் நெருக்குகிறது. இங்கே ஊரே காணாமல் போய்க் கோயில் மட்டும் நிற்கிறது. அந்த வேறுபாட்டுக்கு முன் உயரக் கணக்கு ஒன்றுமில்லை.

கும்பகோணத்திலிருந்து போகிறவர்கள் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடப்பார்கள். அந்தக் கீழணை 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. அதற்கான கல்லுக்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதிலையும் கோபுரத்தையும் உடைத்துக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்கள் தடுத்துப் பார்த்ததாகவும், பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித்தருவதாகச் சொல்லிவிட்டு அதையும் முறையாகச் செய்யவில்லை என்றும் 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பொன்று சொல்கிறது. ஆக, கோயிலைப் பார்க்கும் முன்பே அதன் மதிலின் மேல் வண்டியில் போய்விடுகிறீர்கள். இதை அறிந்துகொண்டு போனால், முகப்பில் கோபுரம் இல்லாமல் மொட்டையாக இருப்பது ஏன் என்று அங்கே நின்று குழம்ப வேண்டியதில்லை.

சிற்பங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்க முடியும் என்றால், வடக்குப் பக்கப் படிக்கட்டின் அருகிலுள்ள சண்டேசானுக்கிரக மூர்த்தி. சிவன் உமையோடு அமர்ந்து, கீழே கைகூப்பியிருக்கும் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். அந்தச் சண்டேசரில் இராசேந்திரனைப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. மாலை சுற்றும் கையின் பதமும், வாங்கிக்கொள்ளும் தலையின் தாழ்வும் போதும். படிக்கட்டின் மறுபக்கம் சரசுவதி. இரண்டையும் பார்த்துவிட்டு உள்ளே போனால் 13 அடி உயர லிங்கம். ஒரே கல்லில் தாமரையாக வடித்த நவகிரகத்தையும் விடாதீர்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வடகிழக்கில் சிங்க வாய்க்குள் இறங்கும் கிணறு இருக்கிறது. அதைப் பார்த்த குழந்தைக்கு அதற்கப்புறம் வேறெதுவும் நினைவில் இருக்காது.

குறை என்று சொன்னால் தொலைவுதான். தஞ்சையிலிருந்து 70 கிலோமீட்டர், கும்பகோணத்திலிருந்து 35. ரயில் கிடையாது. பேருந்து உண்டு, ஆனால் திரும்பும் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்க மனம் தயாராக இருக்க வேண்டும். நிழலும் குறைவு. வெறுங்காலோடு நடக்க வேண்டிய கல்பாதை நண்பகலில் சுடும். பருத்திக் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்குள் சுற்றி முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி முழுநிலவன்று அந்த 13 அடி லிங்கத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி சமைத்து அன்னாபிஷேகம் நடக்கும். அதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி. அமைதியைத் தேடிப் போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்க வேண்டும்.

தாராசுரம்: பத்து நிமிடத்தில் தவறவிடும் இடம்

இதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றில் அதிகம் பேர் போவதும் இங்கேதான், அதிகம் பேர் பார்க்காமல் வருவதும் இங்கேதான்.

இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. அப்போது இவ்வூருக்கு இராசராசபுரம் என்று பெயர். சோழரின் இன்னொரு இருப்பிடமான பழையாறைக்கு அருகில் இருந்தது. வெளிக்கோபுரம் சிதைந்து நிற்கிறது. அதைத் தாண்டினால் புல்தரை, பிறகு சுற்றுநிலத்தைவிடத் தாழ்ந்த ஒரு முற்றத்துக்குள் இறங்குகிறீர்கள். விமானத்தைக் கண்டதும் வருகிறவர்களின் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும். தஞ்சையைப் பார்த்த கண் அல்லவா. நேராகப் போய் ஐராவதேசுவரரைக் கும்பிட்டு, தேர்ச்சக்கரத்தின் பக்கத்தில் ஒரு படம் எடுத்து, இசைப்படிகள் எங்கே என்று கேட்டு, அவை இப்போது கம்பி அடைப்புக்குள் இருக்கின்றன என்று தெரிந்ததும் உச்சுக்கொட்டிவிட்டு வண்டியேறுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் பார்த்ததெல்லாம் ஏற்கெனவே படத்தில் பார்த்தவை.

இசைப்படிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பலிபீடத்துக்கு ஏறும் அந்தக் கல்படிகளைத் தட்டினால் வெவ்வேறு சுரம் கேட்கும் என்பதற்காக, வந்தவரெல்லாம் கல்லெடுத்துத் தட்டித் தேய்த்தார்கள். அடைத்துவைத்தது சரியான வேலை. அதற்காகத் தாராசுரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எதற்காகத் தேர்ந்தெடுப்பது? தேர்மண்டபத்துக்காக என்று பெரும்பாலானோர் சொல்வார்கள். தெற்கு நோக்கி நீண்டிருக்கும் அந்த மண்டபத்தின் பக்கவாட்டில் சக்கரமும், இழுத்துப் பாயும் குதிரையும் இருக்கின்றன. அருமைதான். என் தேர்வு கருவறையைச் சுற்றியிருக்கும் அடித்தளம். முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையில் ஒரு வரிசை ஓடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு சாண் அளவு. நடந்து போகிறவரின் கண்ணுக்கு அது பூவேலைப்பாடு மாதிரிதான் தெரியும். குனிந்தால் நாயன்மார்கள். கண்ணப்பர் தன் கண்ணைப் பெயர்க்கிறார். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கிறார். பல காட்சிகளுக்கு மேலே யாருடைய கதை என்று எழுத்திலும் பொறித்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது காலம். சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சியில். அவனுடைய மகன் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் இராசராசன். அதாவது, நூல் அரங்கேறி ஒரு தலைமுறைக்குள் அதன் கதைகள் வரிசையாகக் கல்லில் ஏறிவிட்டன. இன்று நாம் பழைய இலக்கியம் என்று படிப்பது அந்தச் சிற்பிகளுக்குப் புதிதாக வந்த நூல். எந்தக் காட்சியைத் தேர்வது, ஒரு சாண் கல்லுக்குள் ஒரு முழு வாழ்க்கையின் எந்தக் கணத்தை வைப்பது என்று அவர்கள்தான் முடிவெடுத்திருக்க வேண்டும். முன்மாதிரி அவர்களுக்கு அதிகம் இருந்திருக்காது. இந்த எண்ணத்தோடு அந்த வரிசையை ஒருமுறை சுற்றி வந்தால் ஒரு மணி நேரம் போனது தெரியாது.

மண்டபத் தூண்களும் அப்படித்தான். தூணுக்கு நான்கு பக்கம், பக்கத்துக்கு இரண்டு மூன்று கட்டங்கள், கட்டத்துக்குள் ஆடும் பெண், குழலூதுபவன், முருகன், சிவன் உமை திருமணம். உள்ளங்கையால் மூடிவிடலாம், ஆனால் கால்விரல் மோதிரம்வரை செதுக்கியிருக்கிறார்கள். காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தையும் தேடிக் கண்டுபிடியுங்கள். கையால் ஒரு பக்க உடலை மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. வழிகாட்டிகள் இதை மட்டும் தவறாமல் காட்டுவார்கள். நாயன்மார் வரிசைக்குக் கூட்டிப்போகச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

படத்துக்கும் நேருக்கும் உள்ள உறவு இங்கே தலைகீழ். கங்கைகொண்ட சோழபுரத்தைப் படம் சிறிதாக்குகிறது, தாராசுரத்தைப் பெரிதாக்குகிறது. கைபேசித் திரையை நிறைக்கும் ஒரு நடனச் சிற்பத்தைப் பார்த்துவிட்டு நேரில் ஆளுயரச் சிலையைத் தேடினால் கிடைக்காது. அதனால், தாராசுரத்துக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்னால் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டாம் என்பது என் யோசனை. இந்தக் கட்டுரையும் அதே தப்பைத்தான் செய்துகொண்டிருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், மறுக்க மாட்டேன்.

தாராசுரத்தின் ஒரு பகுதி தஞ்சையிலேயே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் பிச்சையேற்கும் கோலத்துச் சிவனான பிச்சாடனரும் அவரைக் கண்டு மயங்கும் முனிபத்தினிகளும் நிற்கிறார்கள். யானையை உரித்த சிவனும் இருக்கிறார். இவை தாராசுரத்திலிருந்து வந்தவை. அதே கலைக்கூடத்தில் சாயல் வேறாக ஒரு துவாரபாலகர் (வாயிற்காவலர் சிலை) நிற்பார். முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்றபோது கொண்டுவந்தது என்று அதன் பீடத்திலேயே பொறித்திருக்கிறது. அதுவும் தாராசுரத்தில் இருந்ததுதான். காலையில் பெரிய கோயில், பிறகு கலைக்கூடம், மாலையில் தாராசுரம் என்று வைத்துக்கொண்டால் பிரிந்து கிடக்கும் ஒரு கோயிலை ஒரே நாளில் சேர்த்துப் பார்த்ததாக ஆகும். இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

போக்குவரத்தில் மூன்றில் இதுவே எளிது. கும்பகோணத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர், ஆட்டோ போதும். தஞ்சை–கும்பகோணம் பாதையில் தாராசுரத்துக்கே ரயில் நிலையமும் உண்டு, பாசஞ்சர் நிற்கும். ஒரே எச்சரிக்கை மழைக்காலம். முற்றம் தாழ்வாக இருப்பதால் ஐப்பசி, கார்த்திகையில் பெருமழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கும். நாயன்மார் வரிசையை அப்போது கணுக்கால் நீரில் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

புள்ளமங்கை: யாரும் சொல்லாத இடம்

தஞ்சையிலிருந்து கும்பகோணம் சாலையில் 15 கிலோமீட்டர் அளவில் பசுபதிகோயில். அங்கிருந்து உள்ளே திரும்பினால் குடமுருட்டி ஆற்றங்கரையில் புள்ளமங்கை. சம்பந்தர் பாடிய தலம். இறைவன் ஆலந்துறைநாதர் என்றும் பிரமபுரீசுவரர் என்றும் அழைக்கப்படுகிறார். அம்மன் பெயர் அல்லியங்கோதை. சக்கரப்பள்ளியைச் சேர்ந்த சப்தமங்கை எனப்படும் ஏழு தலங்களில் இது ஒன்று. கட்டடம் முதலாம் பராந்தகன் (907–955) காலத்தது என்கிறார்கள். அப்படியென்றால் பெரிய கோயிலுக்கு அரை நூற்றாண்டாவது மூத்தது.

வெளியே நின்று பார்த்தால் காவிரிக்கரையில் நூறு ஊர்களில் இருக்கும் ஒரு கிராமத்துச் சிவன் கோயில்தான். உள்ளே போய்க் கருவறையைச் சுற்றத் தொடங்கினால்தான் விஷயம். கருவறையைச் சுற்றித் தரை அகழிபோல் தாழ்ந்திருக்கிறது. சுவர் மாடங்களான தேவகோட்டங்களில் பூதகணங்கள் சூழ்ந்த பிள்ளையாரும், எருமைத்தலைமேல் நிற்கும் கொற்றவையும் இருக்கிறார்கள். கொற்றவையின் இருபுறமும் சிங்கமும் மானும். சோழர் சிற்பம் என்றதும் நம் நினைவுக்கு வரும் பெருமிதமும் கம்பீரமும் இங்கே இல்லை. சிற்பி தன் ஊர்க்காரர்களுக்காகச் செதுக்கியதுபோல ஒரு நெருக்கம். அடித்தளத்தில் இராமாயணக் காட்சிகள், தாராசுரத்து நாயன்மார்களைவிடவும் சிறியவை. தாராசுரத்துச் சிற்பிக்கு ஒரு சாண் கல்லில் கதை சொல்லும் வித்தை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே அது பழகிவிட்டிருந்தது என்று பதில் சொல்லலாம்.

எதிர்பார்ப்பே இல்லாமல் போகிற இடம் என்பதால், செலவழித்த நேரத்துக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் புள்ளமங்கைதான் முதலிடம். ஆனால் நம்பிப் போக முடியாது. இது பட்டியலில் இடம்பெற்ற சுற்றுலாத் தலம் அல்ல. குருக்கள் வந்து திறந்து, பூசை முடித்து, சாத்திவிட்டுப் போகும் கோயில். நடை திறக்கும் நேரத்தை முன்கூட்டி விசாரிக்காமல் போனால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்து வீட்டில் கேளுங்கள். "குருக்கள் இப்பத்தான் போனாரு, கூப்பிடட்டுமா" என்று யாராவது சொல்ல வாய்ப்புண்டு. திறந்துவிடுகிறவருக்குத் தட்டில் ஏதேனும் போடாமல் வராதீர்கள்.

எதை, யார், எப்போது?

அப்பா அம்மாவோடு, முழங்கால் வலியோடு போகிறவர்களுக்குத் தாராசுரம். படிகள் குறைவு, உட்காரத் திண்ணையும் நிழலும் உண்டு, கும்பகோணம் பக்கத்தில். கங்கைகொண்ட சோழபுரத்தில் அர்த்தமண்டபத்துக்கு ஏறும் படிகள் உயரமானவை; நடையும் அதிகம். ஆனால் பெரியவர்கள் புல்தரையில் உட்கார்ந்து விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தயார் என்றால் அதையும் தடுக்க வேண்டாம்.

ஓடியாடும் குழந்தைகள் இருந்தால் கங்கைகொண்ட சோழபுரம்தான். குனிந்து குனிந்து சிற்பம் பார்க்கும் பொறுமை அவர்களுக்கு வராது. தாராசுரத்தில் காளை–யானையைத் தேடச் சொல்லி அரைமணி நேரம் ஓட்டலாம், அவ்வளவுதான்.

வெளிச்சத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தாராசுரத்துச் சிறு சிற்பங்களுக்குச் சாய்ந்த வெயில் வேண்டும். உச்சிப்பொழுதில் மேலிருந்து விழும் ஒளியில் அவை தட்டையாகிவிடும். மாலை நாலரைக்கு மேல் மேற்குப்பக்கச் சுவரில் ஒவ்வொரு உருவமும் கல்லிலிருந்து எழுந்து வரும். கங்கைகொண்ட சோழபுரத்து வளைவுக்குக் காலையும் சரி, மாலையும் சரி. மூன்று கோயிலிலும் நண்பகலில் நடை சாத்துவார்கள் என்பதை வைத்துத் திட்டமிடுங்கள்.

ஒரே நாளில் தஞ்சையையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் சேர்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சேர்க்க முடியும், வேண்டாம் என்பேன். நேர்கோடும் வளைவும் அடுத்தடுத்துத் தெரிவது நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் காலையில் கூட்டத்தில் நின்று களைத்த உடம்பு, எழுபது கிலோமீட்டர் போய் இறங்கியதும் "அதே மாதிரிதான்" என்ற தீர்ப்பைச் சீக்கிரம் எழுதிவிடும். இடையில் ஓர் இரவு தூங்குங்கள். தாராசுரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது பெரிய கோயிலோடு போட்டிக்கே வராது என்பதால் அதே மாலையில் பார்த்தாலும் ஒன்றை ஒன்று அழுத்தாது.

தஞ்சைக்கு முதல்முறை, அரை நாள்தான் இருக்கிறது என்றால் தாராசுரம். ஓட்டுநரிடம் பத்து நிமிடம் அல்ல, இரண்டு மணி நேரம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். காத்திருப்புக் கூலியையும் அப்போதே பேசிவிடுங்கள். ஒரு முழு நாள் இருந்தால், முதல்நாள் இரவே கும்பகோணத்துக்கு வந்து தங்கி, காலை ஆறு மணிக்கெல்லாம் அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் கிளம்புங்கள். வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டால், மாலையில் தாராசுரத்துக்கும் நேரம் இருக்கும்.

இந்த இரண்டையும் ஏற்கெனவே பார்த்தவர்கள், சோழர் கோயில் என்றால் எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்கள், புள்ளமங்கைக்குப் போங்கள். தஞ்சையிலிருந்து காலைப் பாசஞ்சரில் பசுபதிகோயிலில் இறங்கி நடக்கலாம். அதே ரயில் பாதையில்தான் தாராசுரமும் வருகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே அய்யம்பேட்டை, பாபநாசம், சுவாமிமலை என்று நிலையங்கள் போய்க்கொண்டே இருக்கும். கும்பகோணம் போய்ச் சேர்ந்தபின்னும் நேரம் மிஞ்சினால், மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திருபுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் அது இல்லை. ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு உயர்ந்த விமானம்.